கண் வறட்சி: அதன் காரணங்களும் பரிகாரமும்

(கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் மகாசபைக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வரவு செலவு அறிக்கையும், தணிக்கைக் குறிப்பும், தவணை தவறிய கடன்களின் ஜாபிதாவும் வாசித்து முடிந்த பின்னர், கண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு உங்கள் காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பங்குத் தொகையையும் கடனையும் பற்றிப் பேச வந்தவனுக்குக் கண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். நான் வைத்தியனல்லன். ஆயினும், வைத்தியர்கள் ஐயமின்றி அறிந்து வெளியிட்டிருக்கும் விஷயங்களைக் கிராமவாசிகளுக்கு எடுத்துச் சொல்வதும் கிராமப் புனர்நிர்மாணத்தில் ஒரு பகுதியே. மேலும், கடன் கொடுக்கும்போது நிலத்தைப் பார்க்கிறோம், மாட்டைப் பார்க்கிறோம், ஜாமீன்தாரைப் பார்க்கிறோம். அக்கடனை உழைத்து அடைக்க வேண்டியவனுடைய கண்ணை மட்டும் பார்ப்பதில்லை. விதை பொறுக்குவதற்கும், களை எடுப்பதற்கும், தறியில் அறுந்த இழையை முடிவதற்கும் கண் வேண்டும். எந்த ஜாமீனும் ஈடு செய்ய முடியாத முதல் அதுவே.

கண் வறட்சி என்னும்போது இரண்டு வியாதிகளைப் பிரித்தறிதல் அவசியம். ஒன்று பெரும்பாலும் வயது வந்தோருக்கு வருவது. அது நெடுநாள் வருத்தும். ஆனால் பார்வையை அடியோடு பறிப்பது அரிது. மற்றொன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதிகமாக வருவது. அது அதிக வலி காட்டாமல் தொடங்கி, முற்றிய பின் சில நாட்களிலேயே பார்வையைக் கொண்டுபோய்விடும். பெயர் ஒன்றாயிருப்பினும், காரணமும் சிகிச்சையும் வேறு. முதலில் பெரியோர்களுடைய வறட்சியைச் சொல்லுகிறேன்.

கண்ணீரின் அமைப்பு

துக்கத்தில் வழிவது மாத்திரமே கண்ணீர் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. விழியின் மேல் எந்நேரமும் மிக மெல்லியதொரு நீர்ப்படலம் பரவியிருக்கிறது. அதில் மூன்று பொருள்கள் உண்டு. விழியோடு ஒட்டி நிற்பது வழவழப்பான ஒரு சளி. அது நீரை விழியில் சமமாகப் படியச் செய்கிறது. அதன் மேல் நிற்பது, மேலிமைக்குள் வெளிப்புறமாக அமைந்த கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வரும் நீர். எல்லாவற்றுக்கும் மேலே, இமைகளின் ஓரத்திலுள்ள சிறு சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய் படிகிறது. இச்சுரப்பிகளை 1666-ஆம் வருஷத்தில் மைபோம் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அவை வழங்குகின்றன. எண்ணெய் இல்லாவிட்டால் நீர் விரைவில் ஆவியாகிவிடும். நாம் ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் இப்படலம் புதிதாகப் பூசப்படுகிறது.

ஆகவே, வறட்சி இரண்டு விதமாக ஏற்படலாம். நீர் சுரப்பது குறைவது ஒன்று. சுரந்த நீர் நிற்காமல் காய்ந்துபோவது மற்றொன்று. பின்னதே அதிகம். ஏரியில் தண்ணீர் வரத்துக் குறைவதும், வந்த தண்ணீர் கரை உடைந்து போவதும் வெவ்வேறு குறைகளல்லவா? பயிர் வாடுவது என்னவோ ஒன்றுதான்.

குறிகள்

கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துதல், எரிச்சல், சிவப்பு, காற்றுப் பட்டால் கூசுதல், சற்று நேரம் உற்றுப் பார்த்தால் பார்வை மங்கி இமைத்தபின் தெளிதல், மாலையில் கண் களைத்துப்போதல் ஆகியவை இதன் குறிகள். சிலருக்குக் கண்ணிலிருந்து நீர் வழியும். “நீர் தாரையாக வழிகிறதே, எனக்கா வறட்சி?” என்று அவர்கள் கேட்பார்கள். விழி காய்ந்து எரியும்போது, அந்த எரிச்சலைத் தணிக்கச் சுரப்பி திடீரென்று நீரைக் கொட்டுகிறது. அது வெள்ளம் போல் வந்து வழிந்து போகுமேயன்றி, விழியில் படிந்து நிற்காது. ஆதலால் நீர் வழிவதும் வறட்சியின் குறியாயிருக்கலாம்.

வைத்தியசாலையில் இதனைச் சோதிப்பதற்கு எளிய வழியுண்டு. 1903-இல் ஷிர்மர் என்பவர் வகுத்த முறைப்படி, ஒரு சிறு காகிதத் துண்டின் நுனியைக் கீழிமைக்குள் மடித்து வைத்து, 5 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நனைகிறதென்று அளப்பார்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக நனைந்தால் நீர்ச்சுரப்பு நன்றாகக் குறைந்திருக்கிறதென்று கொள்வர்.

காரணங்கள்

வயது ஏற ஏறக் கண்ணீர் குறைவது இயற்கை. மாதவிலக்கு நின்ற ஸ்திரீகளுக்கு இது அதிகம். நீரிழிவுள்ளவர்களுக்கும் வரும். சளி, அரிப்பு இவற்றுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும், நீர் பிரிவதற்கான மாத்திரைகளும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் கண்ணீரைக் குறைக்கும். கண்ணுடன் வாயும் வறண்டு, மூட்டுகளும் வலிக்குமாயின், 1933-இல் ஷோகிரன் என்ற ஸ்வீடன் தேசத்து வைத்தியர் விவரித்த ஒரு வியாதியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் அவசியம் பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். முகவாதத்தினாலோ குஷ்டத்தினாலோ இமை முழுதும் மூடாதவர்களுக்கும் விழி காய்ந்துபோகும்.

இவையன்றி, நம் வாழ்க்கை முறையிலேயே உள்ள காரணங்களும் சில உண்டு. அடுப்புப் புகை, சுருட்டு பீடிகளின் புகை, களத்து மேட்டுத் தூசி, கோடைக் காற்று ஆகியவை கண்ணீரை உலர்த்துகின்றன. மற்றொரு காரணம் இமைக்க மறத்தல். சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கும் கண், ஒன்றை உற்று நோக்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. தறியில் இருப்பவர், தையல் வேலை செய்பவர், ஓயாது கணக்கெழுதும் குமாஸ்தா, இக்காலத்தில் கைப்பேசியையும் கணினியையும் பார்த்தபடியே இருக்கும் இளைஞர்கள் ஆகிய யாவரும் இந்த வரிசையில் சேர்ந்தவர்களே.

செய்யத்தக்கனவும் செய்யத்தகாதனவும்

முதலாவது, காரணத்தை நீக்குதல். சமையலறைப் புகை வெளியே போக வழி செய்யுங்கள். தூற்றும்போதும் வண்டி ஓட்டும்போதும் பக்கங்கள் மூடிய கண்ணாடி அணியுங்கள். நுட்ப வேலை செய்வோர் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து தூரத்தைப் பார்த்து, இமைகளை முழுதும் மூடித் திறக்கவேண்டும்.

இரண்டாவது, ஒற்றடம். சுத்தமான துணியைப் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிஷம் வைத்து, பின் இமையோரங்களை மெல்லத் தடவித் துடைக்கவேண்டும். அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பிகள் இதனால் திறக்கும். ஒருவர் துணியை மற்றொருவர் உபயோகிக்கலாகாது.

மூன்றாவது, கண்ணீருக்குப் பதிலாக விடும் சொட்டு மருந்து. கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் போன்ற வழவழப்பான பொருள் சேர்ந்த மருந்துகள் இதற்கு உண்டு. நாளொன்றுக்கு 4 தடவைக்கு மேல் விடவேண்டியிருப்பின், கெடாதிருப்பதற்காகச் சேர்க்கும் ரசாயனப் பொருள் இல்லாத வகையைக் கேட்டு வாங்கவேண்டும். சீசாவின் நுனி கண்ணில் படலாகாது. திறந்த சீசாவை, அதன் மேல் குறித்துள்ள கெடுவுக்குப் பின் எறிந்துவிடவேண்டும். இவ்வளவிலும் தீராதவர்களுக்கு, அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் முதலிய மருந்துகளும், கண்ணீர் வடியும் துவாரத்தைச் சிறு அடைப்பான் கொண்டு அடைக்கும் சிகிச்சையும் வைத்தியசாலையில் உண்டு.

செய்யத்தகாதன எவையென்றால், இலைச்சாறு, தாய்ப்பால், எண்ணெய், தேன் இவற்றைக் கண்ணில் விடுவது. இவற்றிலுள்ள கிருமிகள் காய்ந்த விழியில் எளிதில் புண் உண்டாக்கும். அதனினும் கேடு, கடைக்காரரைக் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி மாதக்கணக்கில் விடுவது. ஸ்டீராய்டு சேர்ந்த மருந்துகள் சிவப்பையும் எரிச்சலையும் ஒரே நாளில் நீக்கும். ஆதலால் ஜனங்கள் அவற்றை மெச்சுகிறார்கள். ஆனால் வைத்தியர் மேற்பார்வையின்றி நெடுநாள் விட்டால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், புரையும் வளரும். அவ்வாறு கெட்ட நரம்பை மீண்டும் சரிசெய்ய வழியில்லை. வட்டி குறைவென்று எண்ணி லேவாதேவிக்காரனிடம் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் பேதமில்லை.

கடும் வலி, பார்வைக் குறைவு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, நெல் உமியோ தாளோ பட்ட காயம் இவற்றில் ஏதேனும் இருந்தால், அது வறட்சியென்று வீட்டில் இருக்கவேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும்.

குழந்தைகளுடைய கண் வறட்சி

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். ஆகாரத்தில் வைட்டமின் ‘ஏ’ என்னும் ஜீவசத்துக் குறைந்தால், கண்ணின் மேல்தோல் தன் ஈரத்தன்மையை இழந்து, உள்ளங்கைத் தோல் போலத் தடிக்கத் தொடங்குகிறது. இதற்குச் சொட்டு மருந்து பரிகாரமாகாது. குறை வயிற்றில் இருக்கிறது.

இவ்வியாதி படிப்படியாக வருகிறது. முதற்படி மாலைக்கண். பகலில் ஓடியாடும் குழந்தை, அந்தி சாய்ந்ததும் வாசற்படியில் தடுக்கி விழும். ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். எதிரேயுள்ள சோற்றுத் தட்டைக் கையால் தடவித் தேடும். “குழந்தை சாதுவாயிருக்கிறது” என்று அதை விட்டுவிடக்கூடாது. இரண்டாவது படியில் வெள்ளை விழி பளபளப்பிழந்து, கருவிழிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் காதுப்புறமாக, சோப்பு நுரை ஒட்டியது போன்ற சாம்பல் வெண்மையான புள்ளி தோன்றும். 1863-இல் பிட்டோ என்ற பிரெஞ்சு வைத்தியர் இதனை விவரித்தார். மூன்றாவது படியில், கருவிழியின் முன்னுள்ள கண்ணாடி போன்ற படலமே மங்கிக் காய்ந்து, புண்ணாகி, மெழுகுபோல் இளகிப்போகும். அதன்பின் பார்வை திரும்பாது. முதலிரண்டு படிகளில் சிகிச்சை செய்தால், மாலைக்கண் பெரும்பாலும் சில நாட்களிலேயே நீங்கும். கடைசிப் படியில் நாழிகையும் அருமை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இவ்விடத்தில் பழமொழியன்று, உள்ளபடியான செய்தி.

மணல்வாரி அம்மையும் நீடித்த வயிற்றுப்போக்கும் உடம்பிலுள்ள ஜீவசத்தை விரைவில் செலவழித்துவிடும். ஆதலால், சத்துக் குறைந்த குழந்தைக்கு அம்மை கண்டால், ஒரே வாரத்தில் முதற்படியிலிருந்து கடைசிப் படிக்கு வந்துவிடக்கூடும். அம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ‘ஏ’ கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

டென்மார்க்கு தேசத்தின் பாடம்

கூட்டுறவாளர்களாகிய நமக்கு டென்மார்க்கு தேசம் ஒரு முன்மாதிரி. அங்கே 1882-இல் ஹ்யெடிங் என்னும் கிராமத்தில் குடியானவர்கள் கூடி முதற் கூட்டுறவுப் பால்சாலையை ஏற்படுத்தினார்கள். யந்திரத்தால் வெண்ணெயைப் பிரித்தெடுத்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்து, அத்தேசம் செழித்தது. ஆனால் அதே தேசத்தில், 1911 முதல் 1917 வரையில், ஏழைக் குழந்தைகளுக்குக் கண் வறண்டு குருடாகும் வியாதி அதிகரித்தது. கார்ல் பிளாக் என்னும் குழந்தை வைத்தியர் காரணத்தை ஆராய்ந்தார். அக்குழந்தைகளுடைய ஆகாரம் வெண்ணெய் எடுத்த பாலும், கஞ்சியும், வெண்ணெய்க்குப் பதிலாகக் கொழுப்பினால் செய்த மார்கரினுமாக இருந்தது. முழுப்பாலும் மீனெண்ணெயும் கொடுத்ததும் வியாதி நீங்கிற்று. முதல் மகாயுத்தத்தில் கடல் மார்க்கம் அடைபட்டு ஏற்றுமதி தடைப்பட, 1917 முடிவில் வெண்ணெயைக் குறைந்த விலையில் யாவருக்கும் பங்கிட்டார்கள். 1918-இல் அவ்வியாதி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. வைத்தியசாலை கட்டி அதைப் போக்கவில்லை. ஊரில் உண்டான வெண்ணெய் ஊரிலேயே தங்கியதால் போயிற்று. வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் இப்படியொரு சத்து இருப்பதை 1913-இல்தான் அமெரிக்காவில் மக்காலம், டேவிஸ் என்ற இருவர் எலிகளைக் கொண்டு சோதித்து அறிந்திருந்தார்கள்.

இதனால் பாலை விற்கவேண்டாமென்று நான் சொல்வதாகக் கருதாதீர்கள். பால் விற்றுத்தான் பள்ளிக்கூடச் செலவும் கடன் தவணையும் நடக்கின்றன. ஆயினும், எங்கள் இலாகாவின் புஸ்தகங்களில் ஒவ்வொரு அங்கத்தினரும் சங்கத்துக்கு ஊற்றிய பால் எவ்வளவென்ற கணக்குத் துல்லியமாக இருக்கிறது. தம் வீட்டுக் குழந்தைக்கு நிறுத்திக்கொண்டது எவ்வளவென்ற கணக்கு எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. அக்கணக்கைத் தாய்மார்கள்தாம் வைக்கவேண்டும். கறந்த பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய், வீட்டுக் குழந்தை நீர்மோரும் கடுங்காப்பியும் குடிக்குமாயின், அந்தச் சங்கத்தின் லாபத்தில் ஒரு நஷ்டம் எழுதப்படாமல் நிற்கிறது.

நம் நாட்டில்

இவ்வியாதி நமக்குப் புதிதன்று. தென்னிந்தியாவில் கருவிழி இளகிப்போகும் இக்கொடுமையைக் குறித்து, சென்னைக் கண் வைத்தியசாலையில் பணியாற்றிய ரைட் என்னும் டாக்டர் 1922-லேயே எழுதினார். 1918-இல் குன்னூரில் மக்காரிஸன் என்பவர் தொடங்கிய ஆகார ஆராய்ச்சி, பின்னர் ஆராய்ச்சிசாலையாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1970-இல் தேசமெங்கும் குழந்தைகளுக்கு வைட்டமின் ‘ஏ’ திரவம் கொடுக்கும் திட்டம் ஏற்பட்டது. அதன்படி இப்போது 9-ஆம் மாதத்தில் 1 லட்சம் யூனிட்டும், 16 முதல் 18 மாதத்துக்குள் 2 லட்சம் யூனிட்டும், பின்பு 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சமுமாக, 5 வயதுக்குள் 9 தடவை கொடுக்கிறார்கள். இவ்வியாதி முன்னாளைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது, அடியோடு ஒழியவில்லை.

இச்சத்து கண்ணை மட்டும் காப்பதன்று. தமிழ்நாட்டிலே 15,000-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ‘ஏ’ பெற்ற குழந்தைகளிடையே மரணம், பெறாதவர்களைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. அந்த வாராந்தர அளவு, ஆகாரத்திலிருந்தே பெறக்கூடிய அளவுதான் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

அந்த ஆகாரம் எங்கே கிடைக்கும்? முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை இவற்றிலும், மாம்பழம், பப்பாளி, பரங்கிக்காய், காரட் ஆகிய மஞ்சள் நிறப் பொருள்களிலும் உடம்பு வைட்டமின் ‘ஏ’யாக மாற்றிக்கொள்ளும் பொருள் உண்டு. கீரையோடு சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால்தான் அது நன்றாக உடம்பில் ஒட்டும். பால், நெய், முட்டைக் கரு, ஈரல் இவற்றில் ஜீவசத்து நேராகவே இருக்கிறது. மாலைக்கண்ணுக்கு ஆட்டீரலைச் சமைத்துக் கொடுக்கும் பழைய வழக்கம் உண்மையான பரிகாரமே. உடம்பு இச்சத்தைச் சேமித்து வைக்குமிடம் ஈரல்தான். பிறந்த குழந்தைக்குத் தாயின் முதற்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவது பெருந்தவறு. அப்பாலில் இச்சத்து மிகுதி. அரிசியில் மட்டும் இச்சத்து இல்லை. ஆகையால் வெறுஞ்சோறு வயிற்றை நிரப்புமேயன்றிக் கண்ணைக் காக்காது.

ஓர் எச்சரிக்கை. நல்லதென்பதற்காக வைட்டமின் ‘ஏ’ மருந்தை நாமே வாங்கி அளவின்றிக் கொடுக்கலாகாது. மிகுந்தால் அது விஷமாகும். முக்கியமாகக் கர்ப்பிணிகள் பெரிய அளவில் உட்கொண்டால் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் நேரக்கூடும். கீரையினாலும் பழத்தினாலும் அவ்விதத் தீங்கு இல்லை.

சங்கம் செய்யக்கூடியவை

ஒருவர் தனியே செய்வதைவிடப் பலர் கூடிச் செய்வது எளிது என்பதே நம் இயக்கத்தின் ஆதாரம். ஆதலால் நான்கு காரியங்களை உங்கள் ஆலோசனைக்கு வைக்கிறேன்.

முதலாவது, மழை தொடங்கும்போது அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கொல்லையில் ஒரு முருங்கைப் போத்தும், கிணற்றடியில் ஒரு பப்பாளிக் கன்றும் நடவேண்டும். போத்துக்குச் செலவில்லை, அடுத்த வீட்டில் கேட்டாலே கிடைக்கும்.

இரண்டாவது, குழந்தைகளுக்கு வைட்டமின் திரவம் கொடுக்கும் தேதியைக் கிராம நர்ஸிடம் அறிந்து, பால் விலை எழுதும் பலகையிலேயே எழுதி வைக்கவேண்டும். விலை பார்க்க வருகிறவர் எல்லோரும் தேதியையும் பார்த்துவிடுவர்.

மூன்றாவது, பால் ஊற்றும் ஒவ்வொரு வீட்டிலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு டம்ளர் பாலை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவருவதென்று நீங்களே தீர்மானம் செய்துகொள்ளவேண்டும். இதற்குச் சட்டமும் உபவிதியும் வேண்டுவதில்லை.

நான்காவது, உபவிதிகள் இடங்கொடுக்குமளவில், பொதுநல நிதியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை கண் வைத்தியர்களை வரவழைத்துச் சோதனை நடத்தலாம். அன்று வயோதிகர்களின் வறட்சியும் புரையும், குழந்தைகளின் மாலைக்கண்ணும் ஒருங்கே வெளிப்படும்.

அங்கத்தினர்களே! தவணை தவறிய கடனை வசூலிக்கச் சட்டத்தில் பல வழிகள் இருக்கின்றன. தவறவிட்ட பார்வையை வசூலிக்க ஒரு வழியும் இல்லை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், விளக்கைச் சற்றே தணித்து, உங்கள் குழந்தை தடுமாறாமல் உங்களிடம் நடந்து வருகிறதா என்று பாருங்கள். தடுமாறினால், நாளைக் காலையில் பாற்குடத்தை எடுப்பதற்கு முன் குழந்தையை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.